பச்சைக் காயும் பகைக் கிருமியும்

கொங்கு நாடு உழவாற் சிறந்த நாடு. மேற்கே வெள்ளியங்கிரி மலையும் வடக்கே நீலமலையும் தெற்கே ஆனைமலையும் அரணென நிற்க, நொய்யலும் பவானியும் அமராவதியும் பாய்ந்து வளம் செய்வது அது. ஆற்றுநீர் எட்டாத மேட்டு நிலத்திலும் பாறையைப் பிளந்து ஆழக் கிணறு தோண்டி, ஊற்றுக்கண் திறந்து பயிர் செய்தவர் அந்நாட்டு மக்கள். தொண்டாமுத்தூர்த் தோட்டங்களில் வெங்காயமும் தக்காளியும் விளைகின்றன. கிணத்துக்கடவுச் சந்தையில் தக்காளி கூடை கூடையாகக் குவிகிறது. நீலமலைச் சரிவுகளில் விளையும் காரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோசும் முள்ளங்கியும் மேட்டுப்பாளையம் சந்தையில் இறங்கி, அங்கிருந்து பல ஊர்களுக்கும் செல்கின்றன.

இக்காய்கறிகளுள் பெரும்பாலானவை அடுப்பேறிய பின்னரே உண்கலத்தை அடைகின்றன. சில மட்டும் பச்சையாகவே உண்ணப்படுகின்றன. கோடை வந்துவிட்டால், வெள்ளரிப் பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி விற்கும் தள்ளுவண்டிகளைக் கோவை நகரத் தெருக்களில் காணலாம். சேலத்திலும் ஈரோட்டிலும் மாலைப் பொழுதில் மக்கள் விரும்பி உண்ணும் தட்டுவடை செட்டில், இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய காரட்டும் பீட்ரூட்டும் சட்டினியோடு சேர்ந்திருக்கும். திருமணப் பந்தியில் வெள்ளரிக்காயும் பாசிப்பருப்பும் கலந்த கோசுமல்லி இலையின் மேற்புறத்தில் இடம்பெறும். இக்காலத்தில் காய்களை நறுக்கிக் கலந்து, ‘சாலட்’ என்னும் பெயரோடு சிறு பெட்டிகளில் அடைத்துக் கடைகளிலும் விற்கின்றனர்.

பச்சைக் காய்கறி உடலுக்கு நலம் தருவது. சூட்டினால் அழியும் இயல்புடைய வைட்டமின் சி, சமைக்கப்படாத காயில் குறையாமல் இருக்கும். நார்ச்சத்து மலச்சிக்கலை நீக்கும். ஆதலின் பச்சைக் காய் உண்ணும் வழக்கம் பாராட்டத்தக்கதே. ஆயினும், அந்நல்வழக்கத்தினூடே கண்ணுக்குப் புலனாகாத பகையொன்று புகுதற்கு வழியுண்டு. அவ்வழி எது, அதனை அடைப்பது எங்ஙனம் என்பவற்றை அறிந்துகொள்ளுதல் உண்பார்க்கும் விற்பார்க்கும் ஒருங்கே கடமையாகும்.

உணவைத் தூய்மை செய்வதில் தீக்கு நிகரானது பிறிதொன்றில்லை. கொதிக்கின்ற குழம்பிலும் வேகின்ற கூட்டிலும் நோய் தரும் கிருமிகளுள் பெரும்பாலானவை மடிந்துபோகின்றன. சமைத்த காயில் சிறிது அழுக்கு ஒட்டியிருந்ததாயினும் அடுப்பு அதனை மன்னித்துவிடுகிறது எனலாம். பச்சைக் காய்க்கு அத்தகைய காவல் இல்லை. வயல் முதல் வாய் வரையில் அதனைத் தீண்டிய மண்ணும் நீரும் கையும் கத்தியும் எத்தன்மையனவோ, அத்தன்மையதாகவே அது உண்பவர் வயிற்றை அடைகிறது.

பாக்டீரியா என்பது ஓரணுவால் ஆகிய நுண்ணுயிர். ஆயிரம் பாக்டீரியாக்களை நீள வரிசையில் நிறுத்தினாலும் அவ்வரிசை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவே நீளும். ஆலந்து நாட்டுத் துணி வணிகரான லீவன்ஹாக் என்பவர், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடிச் சில்லின் வழியே நோக்கி, 1676 ஆம் ஆண்டில் இந்நுண்ணுயிர்களைக் குறித்து உலகுக்கு எழுதினார். இவை அனைத்தும் தீயன அல்ல. பாலைத் தயிராக்குவனவும், அவரை, துவரை முதலியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து நிலத்துக்கு உரம் சேர்ப்பனவும் இவற்றுள் அடங்கும். மக்கள் குடலினுள்ளும் இவை கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன.

அவ்வாறு குடலில் வாழ்வனவற்றுள் ஒன்று ஈ.கோலை என்பது. எஷரிக் என்னும் செருமானிய மருத்துவர் 1885 ஆம் ஆண்டில் இதனைக் கண்டு விளக்கினார். இதன் வகைகளுட் பல தீங்கற்றவை. சில கொடிய வயிற்றுப்போக்கை உண்டாக்குபவை. ஈ.கோலை இயல்பாக வாழும் இடம் மாந்தர் குடலும் விலங்குகளின் குடலுமே ஆகும். ஆதலால், நறுக்கிய காயில் இது காணப்படுமாயின், அக்காயை எங்கோ ஓரிடத்தில் மலக்கழிவு தீண்டியுள்ளது என்பது துணியப்படும். உணவை ஆராய்வோர் முதற்கண் இதனைத் தேடுவது இக்காரணம் பற்றியே. இதனோடு சால்மொனெல்லா, சீதபேதியை விளைக்கும் ஷிகெல்லா முதலிய தீக்கிருமிகளும் பச்சைக் காயின் வழியே பரவக்கூடும்.

இவை காயை அடையும் வழி யாது? நீலமலைச் சரிவில் பிடுங்கப்பட்ட காரட் ஒன்றைப் பின்தொடர்ந்து சென்றால் அவ்வழி இனிது விளங்கும். அது மண்ணுக்குள் விளைந்தது. அம்மண்ணில் நன்கு மட்காத சாணமோ கோழி எருவோ இடப்பட்டிருப்பின், அவ்வெருவில் உள்ள கிருமி காரட்டின் மேல் ஒட்டும். பிடுங்கிய காரட்டை எந்திரத்திலிட்டு மண் போகக் கழுவுகின்றனர். கழுவும் நீர் தூயதாயின் கழுவுதல் நன்மை தரும். அந்நீரே கழிவு கலந்ததாயின், கழுவுதல் என்னும் பெயரால் கிருமி பூசப்படுகிறது. பின்னர் அது மூட்டையில் கட்டப்பட்டு, லாரியில் ஏறி, சந்தைத் தரையில் இறங்கி, பல கைகள் மாறித் தெருக்கடையை அடைகிறது.

தீங்கின் பெரும்பகுதி விளைவது இதற்குப் பின்னரே. கடைக்காரர் காலையில் ஒரு வாளி நீர் கொண்டு வருகிறார். முதற்காயைக் கழுவும்பொழுது தெளிந்திருந்த அந்நீர், நூறாவது காயைக் கழுவும்பொழுது கலங்கிவிடுகிறது. முதல் ஒன்பது காய்களும் தூயனவாக இருந்து, பத்தாவது காய் மட்டும் மாசுற்றதாயின், பதினோராவது காய் முதல் எல்லாக் காய்களும் அம்மாசில் பங்கு பெறுகின்றன. ஒரே கத்தி எல்லாக் காய்களையும் நறுக்குகிறது. ஒரே கந்தைத் துணி கத்தியையும் பலகையையும் கையையும் துடைக்கிறது. காசு வாங்கிய கையே காயையும் அள்ளுகிறது. இதில் கடைக்காரர் உள்ளத்தில் வஞ்சனை சிறிதும் இல்லை. குழாய் இல்லாத தெருவோரத்தில் அவர் தொலைவிலிருந்து சுமந்து வந்தது ஒரு வாளி நீர் மட்டுமே. ஆகவே பழி முழுவதையும் அவர் தலைமேல் சுமத்துதல் நீதியன்று.

முழுக் காய்க்கு அதன் தோலே காப்பு. நறுக்கிய உடனே அக்காப்பு நீங்குகிறது. வெட்டுவாயில் கசியும் சாறு கிருமிக்கு நல்லுணவாகிறது. தக்க சூடும் ஈரமும் உணவும் வாய்க்குமாயின், ஈ.கோலை போன்ற கிருமி 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகப் பிரியும். சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் நெல்லை இருமடங்காக்கிக் கேட்ட புலவனின் கதையை மாணவர் அறிவர். அக்கணக்கு இங்கும் பொருந்தும். ஒரு கிருமி ஒரு மணி நேரத்தில் 8 ஆகும். இரண்டு மணி நேரத்தில் 64 ஆகும். நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகும். ஏழு மணி நேரத்தில் 20 இலட்சத்தைக் கடக்கும். காய்கறியின் மேல் எப்பொழுதும் இவ்வளவு விரைவாகப் பெருகுவதில்லை எனினும், காலையில் நறுக்கி வெயிலில் வைத்த காயை மாலையில் உண்பது எத்துணைத் தீது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

நீரின் தூய்மை கெடுதலால் நேரும் கேட்டை இந்திய நாடு நெடுங்காலமாக அறியும். காலராவின் காரணத்தைத் தேடி வந்த இராபர்ட் கோக் என்னும் அறிஞர், 1884 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரில் அந்நோய்க் கிருமியைக் கண்டார். இக்காலத்திலும் கோவை, திருப்பூர் முதலிய நகரங்களின் கழிவுநீர் நொய்யலாற்றிலும் அதனைச் சார்ந்த குளங்களிலும் கலந்து வருகிறது. வெள்ளியங்கிரியில் பளிங்குபோற் பிறக்கும் ஆறு, நகரைக் கடக்கும்பொழுது நிறமும் மணமும் மாறிவிடுகிறது. அத்தகைய நீர் பாயும் நிலத்தில் கீரையும் கொத்துமல்லியும் பயிராகுமாயின், நகரம் புறத்தே தள்ளிய கழிவு நகரத்தார் உண்கலத்துக்கே மீண்டுவிடும்.

பச்சைக் காய்க் கலவையால் ஒரு நாடே கலங்கிய வரலாறும் உண்டு. 2011 ஆம் ஆண்டு மே திங்களில் செருமனியின் வடபகுதியில் மக்கள் பலர் குருதி கலந்த வயிற்றுப்போக்கால் வருந்தி மருத்துவமனைகளை அடைந்தனர். நோயுற்றோர் பலரும் பச்சைக் காய்கறி உண்டவர்கள் எனத் தெரிந்தது. தொடக்கத்தில் இசுபெயின் நாட்டு வெள்ளரிக்காயின் மேல் ஐயம் எழுந்தது. அதனால் வெள்ளரி வாங்குவார் இன்றி அந்நாட்டு உழவர் பெரும் பொருளிழந்தனர். பின்னர் அவ்வையம் பொய்யெனத் தெளிந்தது. ஓர் உணவு விடுதியில் உண்டோர் யார் யார், அவர்கள் கேட்டு வாங்கிய உணவு எது, ஒவ்வோர் உணவிலும் சமையற்காரர் சேர்த்த பொருள்கள் எவை என ஆராய்ச்சியாளர் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். நோயுற்றோரை ஒன்றாக இணைத்த பொருள் முளைகட்டிய வித்துகளே எனக் கண்டனர். எகிப்திலிருந்து வந்த வெந்தயத்தை முளைகட்டி விற்ற ஒரு பண்ணையே அதன் தோற்றுவாய் என இறுதியில் அறியப்பட்டது.

அந்நோயால் தாக்குண்டோர் 3,800 பேருக்கு மேற்பட்டவர். அவர்களுள் 800 பேருக்கு மேற்பட்டோர் சிறுநீரகம் கெட்டு வருந்தினர். 50 பேருக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். மருத்துவ வசதியில் உலகின் முன்னணியில் நிற்கும் நாட்டிலேயே இது நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. அவ்வித்தை முளைகட்ட வைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் ஏற்றவையாகும். வெந்தயமும் பாசிப்பயறும் கொங்கு நாட்டு இல்லங்களிலும் முளைகட்டி உண்ணப்படுவனவே. அவற்றை ஆவியில் வேகவைத்து உண்ணுதல் அறிவுடைமையாகும்.

செருமனியில் கேடு விளைத்த அக்கிருமிக்கு மற்றொரு கொடுந்தன்மையும் இருந்தது. பெனிசிலின் இனத்தைச் சார்ந்த மருந்துகள் பலவற்றுக்கும் அவற்றுக்குப் பின்வந்த புதிய மருந்துகள் பலவற்றுக்கும் அது அடங்கவில்லை. கிருமிகள் மருந்துக்கு அடங்காமற் போவதே இக்காலத்து மருத்துவ உலகை வருத்தும் பெருங்கவலையாகும். அதன் தன்மையை அறிதற்கு, அம்மருந்துகள் பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

1928 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் அலெக்சாண்டர் பிளெமிங் என்னும் அறிஞர், தாம் கிருமி வளர்த்த தட்டு ஒன்றில் பூசணம் படர்ந்திருக்கக் கண்டார். அப்பூசணத்தைச் சூழ்ந்த இடத்தில் கிருமிகள் அழிந்திருந்தன. அப்பூசணம் சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் எனப் பெயரிட்டார். அதனை மருந்தாக்கியவர்கள் ஆக்சுபோர்டில் ஆராய்ந்த புளோரியும் செயினும் அவர்தம் குழுவினரும் ஆவர். 1941 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், புண் புரையோடிச் சாவின் விளிம்பில் கிடந்த காவலர் ஒருவருக்கு அவர்கள் அம்மருந்தைச் செலுத்தினர். சில நாள்களில் காய்ச்சல் தணிந்தது, பசியும் எடுத்தது. ஆனால் அன்று அம்மருந்து மிகச் சிறிதளவே இருந்தது. காவலரின் சிறுநீரில் வெளிப்பட்ட மருந்தையும் பிரித்தெடுத்து மீண்டும் அவருக்கே செலுத்தினர். அதுவும் தீர்ந்தது. நோய் மீண்டும் தலையெடுக்க, அவர் அடுத்த திங்களில் இறந்தார்.

அதன் பின்னர் மருந்து பெருகியது. ஆண்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் அவர்களின் தலைமையில் நிகழ்ந்த ஆராய்ச்சியிலே ஆரியோமைசின் என்னும் சிறந்த மருந்து பிறந்து, 1948 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நிமோனியாவும் பிரசவக் காய்ச்சலும் நச்சுப்புண்ணும் கொண்டுபோன உயிர்கள் பல, இம்மருந்துகளால் மீட்கப்பட்டன. 1945 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றபொழுது நிகழ்த்திய உரையிலேயே பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மருந்தை வேண்டிய அளவுக்குக் குறைவாக உண்டால், சாவாத கிருமிகள் அம்மருந்துக்குப் பழகிக்கொள்ளும் என்பது அவ்வெச்சரிக்கையின் கருத்து.

அது நிகழும் முறையைப் பருத்தி விளைவிக்கும் உழவர் எளிதில் அறிவர். காய்ப்புழுவைக் கொல்ல மருந்து தெளிக்கின்றனர். பெரும்பாலான புழுக்கள் மடிகின்றன. அம்மருந்தைத் தாங்கும் இயல்பு பிறப்பிலேயே வாய்த்த சில புழுக்கள் மட்டும் எஞ்சுகின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே மறுபோகத்தில் நிலமெங்கும் பெருகுகின்றன. பின்னர் அதே மருந்தை இருமடங்கு தெளித்தாலும் பயன் விளைவதில்லை. உடலினுள் கிருமிகளிடத்தும் இதுவே நிகழ்கிறது. வேண்டாதபோது உண்ட மருந்தும், இடையில் நிறுத்திய மருந்தும் மெலிய கிருமிகளைக் கொன்று, வலிய கிருமிகளுக்கு இடம் ஒழித்துத் தருகின்றன.

கிருமிகளிடத்தில் புழுக்களினும் விஞ்சிய திறம் ஒன்று உண்டு. ஒரு கிருமி தன் எதிர்ப்பாற்றலைத் தன் வழித்தோன்றலுக்கு மட்டும் அன்றி, அண்டையில் இருக்கும் வேற்றினக் கிருமிக்கும் கொடுக்கவல்லது. அவ்வாற்றலைத் தாங்கும் மரபணுத் துணுக்கு, ஏட்டுச்சுவடியைப் படியெடுத்து அண்டை வீட்டாருக்கு அளிப்பதுபோல் கைமாறுகிறது. சப்பானில் சீதபேதிக் கிருமி ஒரே நேரத்தில் பல மருந்துகளுக்கு அடங்காமற்போனதன் காரணத்தை ஆராய்ந்த அந்நாட்டு அறிஞர், 1959 ஆம் ஆண்டில் இவ்வுண்மையை வெளிப்படுத்தினர்.

ஆகவே பச்சைக் காயின் மேல் உள்ள கிருமி உண்டவருக்கு அன்றே நோய் தராவிடினும் தீங்கற்றது எனக் கருதிவிடலாகாது. மருந்தெதிர்ப்புக் கொண்ட ஈ.கோலை ஒன்று குடலுட் புகுந்து அமைதியாகத் தங்கலாம். அங்குள்ள பிற கிருமிகளுக்குத் தன் ஆற்றலை வழங்கலாம். பல திங்கள் கழிந்து, வேறொரு நோய்க்கு மருத்துவர் மருந்து தரும்பொழுது, அம்மருந்து வேலை செய்யாமற் போகலாம். பச்சைக் காய்கறிகளிலும் நறுக்கிய கலவைகளிலும் இத்தகைய கிருமிகள் இருத்தலை இந்தியாவிலும் பிற நாடுகளிலும் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர்.

இக்கிருமிகள் நீரிலும் உலவுகின்றன. புது தில்லியில் தெருக்களில் தேங்கிய நீரையும் குழாய் நீரையும் எடுத்து ஆராய்ந்தவர்களின் முடிவு 2011 ஆம் ஆண்டில் வெளிவந்தது. மிக வலிய மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்.-1 என்னும் மரபணு, தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளுள் 51 மாதிரிகளிலும், குழாய் நீரில் எடுத்த 50 மாதிரிகளுள் 2 மாதிரிகளிலும் இருந்தது. மருத்துவமனைச் சுவர்களுக்குள் மட்டும் உள்ளதெனக் கருதிய கேடு தெருவுக்கு வந்துவிட்டது என்பது அதனால் தெரிந்தது. 2012 ஆம் ஆண்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் ஒன்றுகூடி, இக்கேட்டைத் தடுக்கும் வழிகளைச் ‘சென்னைப் பிரகடனம்’ என்னும் பெயரால் வகுத்தன.

மாந்தர் உண்ணும் மருந்து மட்டும் இதற்குக் காரணம் அன்று. நாமக்கல்லின் முட்டைக் கோழியும் பல்லடத்தின் கறிக்கோழியும் கொங்கு நாட்டின் பெருஞ்செல்வங்கள். கோழிகள் விரைந்து பருக்கும்பொருட்டுத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சேர்க்கும் வழக்கம் உலகின் பல நாடுகளில் இருந்தது. அவ்வாறு சேர்த்தால், கோழியின் குடலில் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் வளரும். அதன் எரு வயலை அடையும். வயலிலிருந்து அவை காயை அடையும். வேறு மருந்துகள் தோற்றபின் மருத்துவர் இறுதியாகக் கையாளும் கோலிஸ்டின் என்னும் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் பயன்படுத்துதல் கூடாதென இந்திய அரசு 2019 ஆம் ஆண்டில் தடை விதித்தது. 2019 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12,70,000 பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரே உயிரிழந்தனர் எனக் கணக்கிடப்பட்டிருப்பதை நோக்கின், அத்தடையின் தேவை விளங்கும்.

இவற்றையெல்லாம் ஒருசேர நோக்கினால் ஒரு வட்டம் புலப்படும். கழுவாத கையால் காய் மாசுறுகிறது. அதனை உண்டவருக்கு வயிற்றுப்போக்கு உண்டாகிறது. அவர் மருத்துவரை நாடாமல், மருந்துக் கடையில் தாமே இரண்டு மாத்திரை கேட்டு வாங்கி விழுங்குகிறார். நோய் சற்றுத் தணிந்ததும் நிறுத்திவிடுகிறார். அவர் குடலில் எஞ்சிய வலிய கிருமி கழிவுநீரை அடைகிறது. அந்நீர் ஆற்றையும் வயலையும் அடைகிறது. வயலிலிருந்து மீண்டும் காய்க்கே ஏறுகிறது. இம்முறை அது முன்னிலும் வலியது. அழுக்கும் அளவறியா மருந்தும் ஒன்றையொன்று வளர்க்கும் இவ்வட்டத்தை யாரேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும். அதனை அறுத்தற்கு எளிய இடம் தூய்மையே. தூய்மையால் தடுக்கப்பட்ட நோய்க்கு மருந்து தேவையில்லை. மருந்து செலவாகாத இடத்தில் மருந்தெதிர்ப்பு வளர்வதும் இல்லை. ஆகவே கையைக் கழுவுகின்றவன் தன் வயிற்றை மட்டும் காப்பவன் அல்லன்; ஊரார்க்கு உரிய மருந்தின் ஆற்றலையும் காப்பவன் ஆகிறான்.

இக்கடமை பலர்க்கும் உரியது. உழவர், எருவைக் குவித்து நன்கு மட்கச் செய்து இடுதல் வேண்டும். முறையாக மட்கும் குவியலின் உட்சூடு 55 டிகிரிக்கு மேல் ஏறுமாதலால் தீக்கிருமிகளுட் பல அதிலேயே அழியும். பச்சையாக உண்ணும் காய்க்கும் கீரைக்கும் சாக்கடை கலந்த நீரைப் பாய்ச்சுதல் கூடாது. நகராட்சிகள், கழிவுநீரைத் தூய்மை செய்யாமல் ஆற்றில் விடுதல் கூடாது. தெருவோர வணிகர் எளிதில் நல்ல நீர் பெறக் குழாய் அமைத்துத் தருதலும் வேண்டும். உணவு விற்போர், 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொண்டு, காசு வாங்கும் கை வேறு, காய் அள்ளும் கை வேறு என வைத்துக்கொள்ளுதல் வேண்டும். கழுவும் நீரை அடிக்கடி மாற்றி, வாங்குவார் வந்த பின்னர் அவர் கண்முன்னே நறுக்கித் தருதல் நன்று.

இல்லத்தில் காயை நறுக்குமுன் கையைச் சோப்பிட்டு 20 நொடியேனும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். காயைத் தேங்கிய நீரில் அமிழ்த்தாமல், ஓடும் நல்ல நீரில் தேய்த்துக் கழுவுதல் சிறந்தது. கோசு, கீரை இவற்றின் புற இதழ்களை நீக்கிவிடுதல் வேண்டும். காரட், வெள்ளரி இவற்றின் தோலைச் சீவிவிடுதல் நன்று. கழுவுதல் கிருமியைக் குறைக்குமேயன்றி அறவே போக்காது. மடிப்பிலும் வெடிப்பிலும் ஒட்டியவை நீங்குதல் அரிது. ஆதலின் இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் பச்சைக் காயை நறுக்கலாகாது. நறுக்கிய காயை உடனே உண்ணுதல் வேண்டும். வைத்தல் இன்றியமையாததாயின் குளிர்பெட்டியில் மூடிவைத்தல் வேண்டும். குழந்தைகள், முதியோர், கருவுற்ற மகளிர், நோயால் மெலிந்தோர் ஆகியோர்க்குத் தெருவில் நறுக்கிவைத்த காயைத் தவிர்த்தல் பாதுகாப்பாகும்.

மருந்துண்பதிலும் நெறியுண்டு. சளியும் சாதாரணக் காய்ச்சலும் பெரும்பாலும் வைரசுகளால் வருவன; நுண்ணுயிர்க்கொல்லி அவற்றைத் தீண்டாது. எளிய வயிற்றுப்போக்குக்கும் பெரும்பாலும் அது வேண்டுவதில்லை; உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த உயிர்காக்கும் கரைசலே உடலில் வற்றிய நீரை மீட்டுத் தரும். குருதி கலந்து போயினும் காய்ச்சல் மிகுந்தாலும் காலந் தாழ்த்தாமல் மருத்துவரை அடைதல் வேண்டும். மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாத மருந்துகளின் அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இடப்பட்டுள்ளது. 2016 ஆம் ஆண்டு முதல் அக்கோட்டின் பொருளை மக்களுக்கு அரசு உணர்த்தி வருகிறது. அக்கோடு கண்ட மருந்தைத் தாமே வாங்குதலும், பிறர் சீட்டைக் காட்டி வாங்குதலும், எஞ்சியதைச் சேர்த்து வைத்து அடுத்தவர்க்கு அளித்தலும் ஆகா. மருத்துவர் குறித்த அளவையும் நாளையும் தாமே குறைத்தலும் ஆகாது.

ஆக்சுபோர்டில் அக்காவலர் இறந்தது மருந்து இல்லாமையால். இனி வருங்காலத்தில் மருந்து அலமாரி நிறைய இருந்தும், அது கிருமியை வெல்ல மாட்டாமையால் ஒருவர் இறக்க நேருமாயின், அது பொருளின் வறுமையன்று. பொறுப்பின் வறுமையே ஆகும். “கூழானாலும் குளித்துக் குடி” என்பது தமிழ் மக்கள் வழங்கிவரும் பழமொழி. உணவு எளியதாயினும் தூய்மை அதன் முன்னே நிற்றல் வேண்டும் என்பதே அதன் பொருள். கிருமியைக் கண்ணாற் காணாத காலத்திலேயே அந்நெறியைக் கண்ட மக்கள், அதனைக் கண்ணாற் கண்ட இக்காலத்தில் கைவிடலாமோ? பச்சைக் காய் பயன் தருவது. அதனைப் பகைக் கிருமியின் ஊர்தி ஆக்குவதும், நலம் தரும் உணவாகவே காப்பதும் மாந்தர் கையில் உள்ளன. அக்கை தூயதாகுக!

பயிற்சி

1. சமைத்த காய்க்கு உள்ள காவல் பச்சைக் காய்க்கு இல்லை என்பது ஏன்?
2. உணவில் ஈ.கோலை காணப்படுதல் எதற்குச் சான்றாகும்?
3. செருமனியில் 2011 ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை ஒரு பத்தியில் எழுதுக. நோயின் தோற்றுவாயை ஆராய்ச்சியாளர் கண்ட முறை யாது?
4. மருந்தெதிர்ப்பு வளர்வதற்குப் பருத்திக் காய்ப்புழு எங்ஙனம் உவமையாகிறது? கிருமி அப்புழுவினும் விஞ்சி நிற்பது எதனால்?
5. ‘தூய்மையைக் காத்தல் மருந்தின் ஆற்றலைக் காத்தலே ஆகும்’ – இக்கூற்றைப் பாடத்தில் கூறிய வட்டத்தைக் கொண்டு விளக்குக.
6. உங்கள் ஊரில் நறுக்கிய காய் விற்கும் ஒருவருக்கு எவ்வகை உதவி கிடைத்தால் அவர் தூய்மையாக விற்க இயலும்? பத்து வரிகளில் எழுதுக.